மீனுக்கு ஊர் உண்டா?

(பள்ளிபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வலையைக் கரையில் உலர்த்திவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, நீங்கள் முன்வரிசைக்கு வந்தால் மகிழ்வேன். இன்று நான் பேசப்போவது உங்கள் பிழைப்பைப் பற்றி.

இங்கிருந்து இறங்கி நடந்தால் காவிரிப் பாலம். அதன் நடுவில், தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் நாமக்கல் மாவட்டம், வலக்கைப் பக்கம் ஈரோடு மாவட்டம். நான் பையனாக இருந்தபோது இடக்கைப் பக்கம் சேலம், வலக்கைப் பக்கம் கோயம்புத்தூர். 1979-இல் எதிர்க்கரை பெரியார் மாவட்டம் ஆனது, பிறகு ஈரோடு என்று பெயர் மாறியது. 1997-இல் நம் கரை நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது. கரைகளுக்கு இத்தனை பெயர் மாற்றம் வந்தது. கீழே ஓடுகிற தண்ணீருக்கும் அதில் திரிகிற கெளுத்திக்கும் கெண்டைக்கும் இவற்றில் எதுவும் சம்பந்தமில்லை.

அப்படியானால் அந்த மீனை யார் பிடிக்கலாம்? கரையில் குடியிருப்பவனா, காசு கட்டிக் குத்தகை எடுத்தவனா, எங்கிருந்து வந்தாலும் வலை வைத்திருப்பவனா? அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுக்கு? இதுதான் இன்றைய பொருள்.

ஒரு பழைய காட்சியிலிருந்து தொடங்குகிறேன். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது இருக்கும். அப்போது இங்கே கதவணை எதுவும் கிடையாது. கோடையில் ஆறு வற்றிப் பாறைகள் தலை தூக்கும், பாறை இடுக்கில் தங்கிய மடுக்களில்தான் மீன் கிடக்கும். ஒரு நாள் விடியற்காலை, அக்கரைப் பரிசல்காரர்கள் இக்கரை மடுவில் வலை போட்டுவிட்டார்கள் என்று பெரிய சண்டை. துடுப்பை ஓங்கிவிட்டார்கள். வயதான பரிசல்காரர் ஒருவர் இடையில் வந்து நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "வலை எங்க விழுந்துதுன்னு பாக்காதீங்கடா. பரிசலை எந்தத் துறையில கட்டறான்னு பாருங்க." இந்த ஆற்றுத் துறைகளில் பரிசல் கட்டுகிறவன் எந்தக் கரைக்காரனாக இருந்தாலும் இருபக்கமும் பிடிக்கலாம், வேறு ஊரிலிருந்து வண்டியில் வலையேற்றி வருகிறவன் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்தத் துறையில் நான் கண்ட வழக்கம் அது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. பின்னாளில் நான் வக்கீலாகி எத்தனையோ தீர்ப்புகளைப் படித்தேன். அந்தப் பெரியவர் சொன்னதன் அருமை அவற்றைப் படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது.

நீரில் உள்ள மீன் மீது அரசு உரிமை கொண்டாடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமே அணை நீர்நிலைகளில் உள்ள மீனும் ஓடத்துறையும் அரசனுக்குச் சேரும் என்கிறது. நம் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு வரி வருகிறது, ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான வரி. பாசி என்ற அந்தச் சொல் ஆயிரம் ஆண்டு கடந்து 'மீன்பாசி குத்தகை', 'மீன்பாசி ஏலம்' என்று நம் ஊராட்சி அறிவிப்புகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே செலவிட வேண்டும் என்று விதித்த கல்வெட்டுகளும் உண்டு. மீனால் வந்த காசு மீன் வாழும் நீருக்கே திரும்பிப் போயிற்று. வரி வாங்கும் அதிகாரமும் நீரைக் காக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன.

இந்த முடிச்சு அவிழ்ந்தது எப்போது? 1879-இல் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தப் பருவத்தில் எதைச் சுடக்கூடாது என்பது வரையறுக்கப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது, கட்டுப்பாடின்றிச் சுட்டுத்தள்ளியதால்தான் சட்டம் தேவைப்பட்டது. ஆனால் விதியை எழுதியவர்கள் கோடைக்கு மலையேறி வந்து துப்பாக்கியும் தூண்டிலும் பிடித்த துரைமார்கள். அவர்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் கண்ணி வைத்தும் வலை கட்டியும் வயிறு வளர்த்த மலைமக்கள் அந்த விதியின் பார்வையில் திருட்டு வேட்டைக்காரர்கள் ஆனார்கள். வந்தவன் உரிமம் பெற்றவன், இருந்தவன் குற்றவாளி. உள்ளூர், வெளியூர் என்ற கேள்வியில் நம் நாட்டில் முதல் அநியாயம் இப்படித்தான் எழுத்தில் ஏறியது என்பது என் கருத்து.

1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. மிகச் சிறிய சட்டம், நல்ல சட்டம். தண்ணீரில் வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம், நஞ்சு கலப்பது குற்றம். வலைக்கண் அளவு, பிடிக்கக்கூடாத பருவம், ஆற்றை மறித்துக் கட்டும் பொறிகள் ஆகியவற்றைப் பற்றி மாகாண அரசு விதி செய்யலாம். நம் ஊரில் 'தோட்டா போடறது' என்கிறோமே, அது குற்றமாகி நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். 1887-இல் வந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் அவர். அப்போது ஈரோடு அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே நம் எதிர்க்கரையை ஊர் ஊராக அறிந்தவர். பிறகு விவசாயிகளின் கடன் சுமையைப் பற்றி 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு தொகுதியாக அறிக்கை எழுதினார். இந்தியக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்து அந்த அறிக்கை. அதே மனிதர்தான் 1907-இல் சென்னை மாகாண மீன்வளத் துறை பிறக்கவும் காரணமாக இருந்தார். கூட்டுறவும் மீன்வளமும் ஒரே மனிதரின் கையால் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உழவனையும் வலைஞனையும் கடன்காரனிடமிருந்தும் இடைத்தரகனிடமிருந்தும் மீட்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தின் இரண்டு கிளைகள் அவை. இன்று உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீர்நிலைகளைக் குத்தகைக்கு விடும் ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. சங்கம் என்றால் அதற்குச் செயல்பாட்டு எல்லை உண்டு. எல்லைக்குள் இருப்பவன் உறுப்பினன். உள்ளூர்க்காரனுக்கு முன்னுரிமை என்பது இப்படிச் சட்டத்தின் உடையில் வந்து சேர்ந்தது.

இனி அரசியல் சாசனம். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். கடலின் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டும் ஒன்றிய அரசுக்கு. ஆக, காவிரியில் எந்த வலை போடலாம் என்று சொல்லும் அதிகாரம் சென்னைக் கோட்டைக்குத்தான். காட்டு விலங்கின் கதை வேறு. அதுவும் முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1972-இல் மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று 252-ஆவது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அந்தப் பொருளைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடக்கத்தில் வேட்டை உரிமங்கள் இருந்தன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. ஆகவே நம் நாட்டில் வேட்டைக்கு உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற வேறுபாடே இப்போது இல்லை, இருவருக்கும் கதவு சாத்திவிட்டது. திருவிழாவுக்கு முயல் வேட்டை என்று கிளம்பி வனத்துறைக்கு அபராதம் கட்டிய ஊர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எஞ்சியிருக்கும் காட்டைப் பார்த்தால் அந்தத் தடை சரியென்றே சொல்வேன்.

மீனுக்கு வருவோம். 'வெளியூர்க்காரன் பிடிக்கக் கூடாது' என்று அரசு சொல்ல முடியுமா? இந்தியக் குடிமகன் எந்தத் தொழிலையும் எங்கும் செய்யலாம் என்கிறது 19-ஆவது பிரிவு. பிறந்த இடத்தைக் காட்டி வேற்றுமை பாராட்டக் கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. இரண்டையும் மேலோட்டமாகப் படித்தால் உள்ளூர் முன்னுரிமை செல்லாது என்றே தோன்றும். 1955-இல் உச்ச நீதிமன்றம் டி.பி. ஜோஷி வழக்கில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டியது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு விதம், வெளியாருக்குக் கூடுதல் கட்டணம். 15-ஆவது பிரிவு தடுப்பது பிறந்த இடத்தைத்தான், வசிக்கும் இடத்தை அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அந்தக் கட்டணத்தை ஏற்றது. எங்கே பிறந்தாய் என்று கேட்பது வேறு, எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்பது வேறு. பரிசலை எந்தத் துறையில் கட்டுகிறாய் என்று கேட்டாரே அந்தப் பெரியவர், அவர் கேட்டது இரண்டாவது கேள்வி.

இதே கேள்வியை அமெரிக்கா இருநூறு ஆண்டாக நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே வேட்டைக்கும் மீனுக்கும் விதி செய்வது ஒவ்வொரு மாநிலமும்தான். மான்டானா மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டுப் பருவத்தில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் 9 டாலரில் உரிமம் வாங்கலாம். வெளி மாநிலத்தவர் 225 டாலர் கொடுத்துக் கூட்டு உரிமம்தான் வாங்க வேண்டும். வழக்கு போயிற்று. 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மான்டானா பக்கம் தீர்ப்பளித்தது. வெளி மாநிலத்தவருக்கு அந்த வேட்டை பொழுதுபோக்கு. அது மறுக்க முடியாத அடிப்படை உரிமை ஆகாது. அந்த மானைக் காக்கும் செலவை ஆண்டு முழுதும் சுமப்பவர்கள் உள்ளூர் மக்கள். அரிசோனாவில் சில வேட்டை அனுமதிகளில் வெளியாருக்குப் பத்து விழுக்காடுதான் என்று வைத்த வரம்பு 2002-இல் மேல்முறையீட்டில் சிக்கலுக்குள்ளான பிறகு, 2005-இல் அவர்களுடைய நாடாளுமன்றமே தலையிட்டு, வசிப்பவர், வெளியார் என்று பிரித்து விதி செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று சட்டமாக எழுதியது.

மான்டானா தீர்ப்புக்கு முப்பது ஆண்டு முன்னால், 1948-இல், அதே உச்ச நீதிமன்றம் நேர் எதிராகவும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தென் கரோலினா மாநிலம் இறால் படகுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலரும் வெளியாரிடம் 2,500 டாலரும் கேட்டது. பக்கத்து ஜார்ஜியா மீனவர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். ஏன்? அவர்களுக்கு இறால் பிழைப்பு. பிழைப்புக்காக வருகிறவனைக் கட்டணத்தால் அடைத்துவிடக் கூடாது.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரும் எல்லையும் மட்டும் அங்கே முடிவு செய்யவில்லை. இவன் எதற்காக வருகிறான், வயிற்றுக்கா, பொழுதுக்கா என்பதும், இந்த வளத்தைக் காக்கும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்தன. இந்த இரண்டு கேள்வியையும் நம் ஆற்றங்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

எல்லைக் கோட்டை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். நம் பழைய சேலம் மாவட்டத்திலேயே, மேட்டூர் அணைக்கு மேலே, பாலாறு காவிரியில் கலக்குமிடம். ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கர்நாடகம். அந்தப் பக்கம் 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயம். 2023 பிப்ரவரியில் ஓர் இரவு அடிப்பாலாற்றுப் பகுதியில் கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கியால் சுட்டார்கள். சில நாள் கழித்து, கொளத்தூரை அடுத்த கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவரின் உடல் ஆற்றில் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் உறவினர்கள். எது உண்மை என்று இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கத்தை நம்பி வாழ்கிற ஒருவனுக்கு அந்தத் தண்ணீரின் நடுவில் கோடு எங்கே போகிறது என்று இருட்டில் தெரியாது. அவன் கோட்டைத் தாண்டினால் அதற்கு வழக்கு இருக்கிறது, அபராதம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. தோட்டா இருக்கக் கூடாது.

அந்தச் சரணாலயத்துக் காவிரியில்தான் பீமேஸ்வரி முதலான இடங்களில் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டைக்குத் தூண்டில் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பணம் கட்டி வந்து, மீனைத் தூண்டிலில் பிடித்துப் படமெடுத்துத் திரும்ப ஆற்றில் விட்டார்கள். அதனால் அந்த மீன் காக்கப்பட்டது என்பாரும் உண்டு. அதை முழுக்க மறுக்கமாட்டேன், ஆளும் காவலும் இருந்த இடத்தில் தோட்டா போடுகிறவன் வரவில்லை. ஆனாலும் தொலைதேசத்துத் தூண்டிலுக்குத் திறந்த ஆறு பக்கத்து ஊர் வலைக்கு மூடியிருந்தது என்பது என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. நீலகிரியில் 1879-இல் நடந்ததன் நிழல் அது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதில் ஒரு பெரிய திருத்தம். காட்டில் வாழ்பவர்களின் சமூக உரிமைகளில் நீர்நிலைகளின் மீனையும் அது பெயர் சொல்லிச் சேர்த்தது. வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது என்று எவ்வளவு தெளிவு பாருங்கள். அந்தச் சட்டம் வன நிலத்துக்கு உரியது. காட்டை விட்டு இறங்கிச் சமவெளிக்கு வந்த காவிரியின் கரையில், பவானியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பரிசல் கட்டுகிறவனுக்கு அது எட்டாது.

நம் ஆற்றின் இன்றைய நிலையைப் பார்ப்போம். கதவணைகள் வந்தபின் ஓடும் ஆறு தேங்கும் ஏரியாகிவிட்டது. புதுத் தண்ணீருக்கு மேலேறிப் போய் முட்டையிட வேண்டிய மீன் கதவில் முட்டி நிற்கிறது. ஓட்டத்தில் வாழ்ந்த மீன் குறைந்து, தேக்கத்தில் பெருகும் ஜிலேபி நிறைந்திருக்கிறது. பராமரிப்புக்காகக் கதவணைத் தண்ணீரை வடிக்கும் நாளில் எங்கெங்கிருந்தோ கூட்டம் இறங்கி, குஞ்சும் குளுவானும் பாராமல் அள்ளுகிறது. ஆண்டு முழுக்க அந்த நீரில் கிடப்பவன் கரையில் நின்று பார்க்கிறான். இவற்றுக்கெல்லாம் மேலே சாயத் தண்ணீர். சாயப்பட்டறைக் கழிவு இறங்கும் நாளில் ஆறு என்ன நிறம் என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் தண்ணீரில் நஞ்சு கலப்பதைக் குற்றமாக்கியது மீன் பிடிக்க நஞ்சு கலப்பவனை மனத்தில் வைத்து. மீன் பிடிக்கும் எண்ணமே இல்லாமல் கலக்கப்படும் நஞ்சுக்கு வேறு சட்டம், வேறு அலுவலகம். வலைக்கண்ணை அளக்க வரும் அதிகாரமும் குழாய் வாயை அடைக்க வேண்டிய அதிகாரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. கல்வெட்டுக் காலத்தில் ஒரே கையில் இருந்தவை இப்படிப் பிரிந்து கிடக்கின்றன.

1996-இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆறு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர், பயனாளிகள் மக்கள். ஓர் அறக்கட்டளையின் பெயரால் பேச வந்த நான் இந்தச் சொல்லை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டவன். அறங்காவலருக்குக் கணக்குச் சொல்லும் கடமை உண்டு. முதலைக் குறையாமல் காக்கும் கடமை உண்டு. யார் அதிகம் கொடுக்கிறான் என்று பார்த்து ஏலம் விடுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

மான்டானா வழக்கில் சொன்னார்களே, காக்கும் சுமையைச் சுமப்பவனுக்கு முன்னுரிமை என்று. இங்கே அந்தச் சுமை யாருடையது? சாயத் தண்ணீரில் இறங்கிச் சொறியும் புண்ணும் வாங்கியவன் யார்? வெள்ளம் வந்தால் பரிசலைப் பறிகொடுப்பவன் யார்? ஆற்றில் விழுந்தவனைத் தேடத் தீயணைப்புத் துறையும் போலீசும் முதலில் கூப்பிடுவது யாரை? பரிசல்காரனைத்தான். அவனுக்கு முன்னுரிமை தருவது யாருக்கும் செய்யும் சலுகை ஆகாது.

ஆனால் அண்ணன்மார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரன் என்பதற்காக எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. தோட்டா போடுகிறவர்களும், மின்கம்பியைத் தண்ணீருக்குள் விடுகிறவர்களும், கொசுவலை போன்ற வலையால் குஞ்சை வாருகிறவர்களும் எல்லாரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. முன்னுரிமை கேட்கிற வாய், முதலில் தன் துறையில் அதை நிறுத்த வேண்டும். துறைக்குத் துறை நீங்களே கூடி முடிவெடுத்தால் எந்த அதிகாரியின் ஜீப்பும் செய்ய முடியாததை நீங்கள் செய்வீர்கள்.

அரசுக்கு என் வேண்டுகோள் நீளமானதல்ல. சமயசங்கிலி கதவணை முதல் வெண்டிபாளையம் கதவணை வரை ஆற்றை ஒரே நீராகப் பாருங்கள். நாமக்கல் பட்டியல் ஒன்று, ஈரோடு பட்டியல் ஒன்று என்று வைக்காமல் இருகரைப் பரிசல்காரர்களையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். பதிவேட்டில் உள்ளவனுக்கு முதலிடம். பிழைப்புக்காக வேறு ஊரிலிருந்து வருகிற ஏழை வலைஞனை விரட்டாமல், அதே வலைக்கண் விதிக்கும் நியாயமான உரிமத்துக்கும் உட்பட்டு இடம் கொடுங்கள். அவனும் ஓர் ஆற்றின் வறட்சியிலிருந்துதான் வருகிறான். பொழுதுபோக்குக்கு வருகிறவரிடம் கூடுதலாக வாங்குங்கள், அந்தக் காசை இந்த ஆற்றுக்கே செலவிடுங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வைத்து மீனவருக்கு நிவாரணம் தருகிறீர்கள். ஆற்று மீன் முட்டையிடும் பருவத்துக்கும் அதே ஏற்பாட்டைக் கொண்டுவாருங்கள். வயிற்றுக்கு வழி செய்துவிட்டு வலையை எடு என்று சொன்னால் எடுப்பான். கதவணைத் தண்ணீரை வடிக்கும் நாளை முன்கூட்டியே பதிவேட்டுக்காரர்களுக்குச் சொல்லி, குஞ்சுகளை மேல்நீருக்கு மாற்றும் வேலையைக் கூலி கொடுத்து அவர்களிடமே ஒப்படையுங்கள். மீன்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கரையில் ஒன்றாக நின்று மக்களுக்குக் கணக்குச் சொல்லட்டும்.

அன்று மடுவருகே நடந்த சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டேன். அந்தப் பெரியவர் சொன்னபின் துடுப்புகள் இறங்கின. வலையில் வந்திருந்த மீனை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு இக்கரைக்கு, ஒரு பங்கு அக்கரைக்கு. வேடிக்கை பார்க்க நின்ற எனக்கும் ஒரு கெண்டை கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். பெரியவர் பரிசலைக் கட்டிய அந்தத் துறை இன்று கதவணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.